ஆல்பா கதிர் பட்ட செல்களின் பிழைப்பு விகிதம்: பீட்டா குணகம் மைனஸில் வருகிறது, எங்கே கோளாறு?

தகடூர்_தருமி:

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட், தருமபுரி. ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுசெல்) மேல் அமெரிசியம்-241 ஆல்பா. கதிர் பாய்ச்சியது பெங்களூரில், செல் வளர்ப்பும் காலனி (ஒரு செல்லிலிருந்து பெருகும் கூட்டம்) எண்ணியதும் ஓசூரில், கணக்குப் போடுவது மட்டும் நான்.

செல்கள் 2.5 மைக்ரான் மைலார் தாள் ஒட்டிய வளைய டிஷ்ஷில் (உள்விட்டம் 30 மி.மீ.) ஒட்டி வளர்ந்தவை. ஆல்பா அடியிலிருந்து தாள் வழியாக ஏறுகிறது. அதன்பின் ட்ரிப்சின் (ஒட்டிய செல்லைப் பிரிக்கும் நொதி) போட்டு எடுத்து, எண்ணி, வேறு டிஷ்ஷில் விதைத்துக் காலனி எண்ணியிருக்கிறார்கள். பிழைப்பு விகிதம் இப்படி வந்தது (கிரே என்பது கதிர் டோஸின் அலகு):

0.25 கிரே: 0.72
0.5 கிரே: 0.52
1 கிரே: 0.29
1.5 கிரே: 0.17
2 கிரே: 0.11
3 கிரே: 0.065

நேரியல்-இருபடி சமன்பாட்டில் (பிழைப்பின் மடக்கை = மைனஸ் [ஆல்பா குணகம் × டோஸ் + பீட்டா குணகம் × டோஸின் வர்க்கம்]) பொருத்தினால் ஆல்பா குணகம் 1.38, பீட்டா குணகம் மைனஸ் 0.15. பாடப்புத்தகத்தில் ஆல்பா துகளுக்குப் பீட்டா பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றுதான் இருக்கிறது. மைனஸ் வரலாமா? இதையே வைத்து ரேடியம்-223, அஸ்டட்டைன்-211 மாதிரி ஆல்பா வீசும் சிகிச்சை மருந்துகளுக்கு எத்தனை செல் சாகும் என்று மதிப்பிட முடியுமா?

கேஆர்பி_அணை:

எக்செல்லில் பீட்டாவை பூஜ்யம் என்று பூட்டிவிட்டு நேர்கோடு போடுங்க. ஆல்பாவுக்கு நேர்கோடுதான். முடிஞ்சுது வேலை.

தென்பெண்ணை:

அணைக்காரர் சொன்னபடி செய்யாதீர்கள். உங்கள் ஆறு புள்ளிகளையும் பூஜ்யத்தின் வழியே நேர்கோட்டில் பொருத்திப் பார்த்தேன், ஆல்பா குணகம் 1.02 என்று வருகிறது. குறைந்த டோஸ் புள்ளிகள் மூன்றும் 1.25 முதல் 1.3 வரை சொல்லும்போது இது எப்படிச் சரியாகும்? 3 கிரே புள்ளி ஒன்றே கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது.

மைனஸ் பீட்டாவையும் அப்படியே விட முடியாது. உங்கள் எண்களின்படி சுமார் 4.6 கிரேக்கு மேல் டோஸ் கூடக்கூடப் பிழைப்பும் கூட வேண்டும். அப்படி ஒரு செல் கிடையாது. ஆகவே இது செல்லின் குணம் இல்லை, பரிசோதனை அமைப்பில் எங்கோ ஓட்டை.

வளைவின் வடிவத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் செங்குத்தாக இறங்கி, 1.5 கிரேக்குப் பிறகு வால் மாதிரி நீண்டு படுக்கிறது. டோஸே படாத செல்கள் ஒரு பங்கு கலந்திருந்தால் இந்த வால்தான் வரும். அந்தப் பங்கு 5 சதவீதம், மீதி 95 சதவீதத்துக்கு ஆல்பா குணகம் 1.4, பீட்டா பூஜ்யம் என்று வைத்து நான் போட்ட கணக்கு: 0.25 கிரேயில் 0.72, 0.5இல் 0.52, 1இல் 0.28, 1.5இல் 0.17, 2இல் 0.11, 3இல் 0.064. உங்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5 சதவீதம் எங்கே ஒளிந்திருக்கும்? 15 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் பரப்பில் 5 சதவீதம் என்பது ஓரத்தில் வெறும் 0.38 மி.மீ. அகலப் பட்டை. வளையத்துக்கும் மைலாருக்கும் இடையே பசை சற்றுப் பிதுங்கினாலே போதும். அமெரிசியம் ஆல்பா தண்ணீரில் ஓடும் தூரம் சுமார் 40 மைக்ரான்தான். எபாக்சி ஒரு முடியளவு தடிமன் இருந்தால் அதற்கு மேல் உட்கார்ந்த செல்லுக்கு ஒன்றும் தெரியாது. காமா கதிரில் இந்த வம்பே இல்லை, பசையும் வளையமும் அதற்குக் கண்ணாடி மாதிரி. அதனால்தான் காமாவில் பழகிய ஆய்வகங்கள் இதை முதலில் கவனிப்பதில்லை.

உறுதி செய்ய இரண்டு வழி உண்டு. ஒரு டிஷ்ஷில் 3 கிரே கொடுத்துவிட்டு ட்ரிப்சின் போடாமல் அப்படியே வளரவிட்டுச் சாயம் ஏற்றச் சொல்லுங்கள். காலனிகள் ஓரமாக மாலை கட்டின மாதிரி நின்றால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, மூக்குக் கண்ணாடி வில்லை செய்யும் அதே சிஆர்-39 பிளாஸ்டிக்கை டிஷ் அளவுக்கு வட்டமாக வெட்டி, செல் இருக்கும் இடத்தில் மைலார் மேலேயே வைத்துக் கதிர் காட்டுவது. 6.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில், 70 டிகிரியில், 6 மணி நேரம் ஊறவைத்தால் ஒவ்வோர் ஆல்பாவும் ஒரு குழியாகத் தெரியும். குழி இல்லாத பட்டைதான் உங்கள் நிழல் பகுதி. வட்டக் குழி என்றால் நேராக வந்தது, நீள்வட்டம் என்றால் சாய்ந்து வந்தது.

சிஆர்-39இல் ஒரு எச்சரிக்கை. செல்லில் 1 கிரே என்பது ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 57 லட்சம் ஆல்பா. அவ்வளவும் விழுந்தால் குழிமேல் குழியாகி எண்ணவே முடியாது. 50 ஆயிரம் போதும், அதாவது 1 கிரேக்கு ஆகும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு. 1 கிரேக்கு 5 நிமிடம் என்றால் இதற்கு 3 வினாடி. கையால் மூடி திறந்தால் அந்த 3 வினாடியில் கால் வினாடி பிசகும், கிட்டத்தட்ட 8 சதவீதப் பிழை. மோட்டார் ஷட்டர் இல்லையென்றால் நாலைந்து துண்டு எடுத்துச் சராசரி போடுங்கள்.

அடுத்தது டோஸ் கணக்கு. அவர்கள் கொடுத்த கிரே எந்த ஆற்றலுக்குப் போட்டது என்று கேட்டீர்களா?

டோஸ் (கிரே) = 0.16 × எல்இடி (மைக்ரானுக்கு கேஇவி) × ஒரு சதுர மைக்ரானில் விழும் ஆல்பா எண்ணிக்கை.

எல்இடி என்பது ஆல்பா ஒவ்வொரு மைக்ரான் ஓட்டத்திலும் விட்டுச்செல்லும் ஆற்றல் (கேஇவி, அதன் ஆயிரம் மடங்கான எம்இவி இரண்டும் ஆற்றல் அலகுகள்). அது நிலையாக நிற்பதில்லை. அமெரிசியம் 5.49 எம்இவி என்று அட்டவணையில் பார்த்து, அதற்குரிய 83 கேஇவியைப் போடுபவர்கள் நிறைய. மூலத்தின் மேல் பொன் பூச்சு இருந்தால் வெளியே வரும்போதே குறைந்திருக்கும். 4.8 வருகிறது என்று வையுங்கள். 5 மி.மீ. காற்று சுமார் அரை எம்இவி தின்னும், 2.5 மைக்ரான் மைலார் இன்னொரு 0.3. செல்லைத் தொடும்போது 4 எம்இவி, எல்இடி சுமார் 104. உட்கருவின் நடுவில் 110 என்று எடுக்கலாம். 83க்குப் பதில் 110 என்றால் அதே எண்ணிக்கை ஆல்பாவுக்கு டோஸ் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், குணகம் அதே அளவுக்கு இறங்கிவிடும். பீட்டா பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

ஓசூர்_காலனி:

செல் பக்கத்துலேர்ந்து சில விஷயம். தென்பெண்ணை சார் சொன்ன ஓரக் கதை சரி, ஆனா 5 சதவீதப் பரப்புன்னா 5 சதவீத செல்னு நினைக்காதீங்க. விதைச்ச பிறகு டிஷ்ஷை வட்டமா சுத்தினா செல் நடுவுக்கு ஓடும், இன்குபேட்டர்ல அதிர்வு இருந்தா சீரில்லாம குவியும். முன்னே பின்னே, இடம் வலம்னு நகர்த்தணும். அப்புறம் பத்து நிமிஷம் வெளியே சமதளத்துல அசையாம வெச்சிட்டு உள்ளே வைக்கணும்.

ஓரமே வேணாம்னா, 200 மைக்ரோலிட்டர் துளியா நடுவுல மட்டும் விதைங்க. 3, 4 மணி நேரத்துல ஒட்டிக்கும், பிறகு மீடியம் நிரப்புங்க. துளி ஓரத்தைத் தொடாது, நிழல் பிரச்சினை போச்சு. ஆனா துளி காயாம இருக்க, பெரிய டிஷ்ஷுக்குள்ள ஈரப் பஞ்சு வெச்சு மூடணும். ஏற்கெனவே பரவலா விதைச்சாச்சுன்னா, கதிர் முடிஞ்சதும் ஸ்டெரைல் பட்ஸால ஓரத்தை 2 மி.மீ. துடைச்சு, பிபிஎஸ்ல (செல் கழுவுற உப்புக் கரைசல்) ரெண்டு தடவை கழுவி, அப்புறம் ட்ரிப்சின். கழுவாம விட்டா துடைச்ச செல்லே மீடியத்துல மிதந்து திரும்ப கணக்குல சேர்ந்துக்கும்.

ரெண்டாவது, ஒவ்வொரு டோஸுக்கும் எத்தனை செல் விதைச்சாங்கன்னு கேளுங்க. எல்லாத்துக்கும் 200தான்னா 3 கிரே புள்ளியை நம்பாதீங்க. பிளேட்டிங் எஃபிஷியன்சி (கதிர் படாத செல்லுல காலனியாகுற பங்கு) 0.6ன்னு வெச்சா 200 × 0.6 × 0.065 = 8 காலனி. எட்டுக்குப் பாய்சான் பிழையே (எண்ணிக்கை தற்செயலா ஆடுற அளவு) 35 சதவீதம். 80 காலனி வேணும்னா 80ஐ 0.6 × 0.065ஆல வகுங்க, சுமார் 2,050 செல் விதைக்கணும். கன்ட்ரோலுக்கு (கதிர் படாத டிஷ்) 130 போதும்.

காலனின்னா குறைஞ்சது 50 செல். இதுல ஆல்பாவுக்கு ஒரு சிக்கல் உண்டு: அடிபட்டுப் பிழைச்ச செல்லு மெதுவா பிரியும். கன்ட்ரோல் டிஷ் 10 நாள்ல அழகா வந்துடுச்சேன்னு எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்தினா, ஆல்பா டிஷ்ஷுல 30, 40 செல்லுல நிக்கிற காலனியை இறந்ததுன்னு எழுதிடுவோம். அதை ரெண்டு மூணு நாள் கூட விடுங்க. சாயம் 0.5 சதவீத கிரிஸ்டல் வயலட், 6 சதவீத குளூட்டரால்டிஹைடு. நச்சு ஆவியை உறிஞ்சுற ஃப்யூம் ஹூட்டுக்குள்ள வெச்சுப் பண்ணுங்க.

காமா ஒப்பீடு பண்ணீங்களா? கதிர் பெங்களூர்ல, விதைப்பு ஓசூர்லன்னா அது தனிப் பிரச்சினை.

தகடூர்_தருமி:

இருவருக்கும் நன்றி. கேட்டுவிட்டு வந்தேன். எல்லா டோஸுக்கும் 300 செல் விதைத்திருக்கிறார்கள், பிளேட்டிங் எஃபிஷியன்சி 0.58. அப்படியானால் 3 கிரேயில் 11 காலனிதான். டிஷ்ஷை உருப்பெருக்கியில் பார்த்தோம்: பசை ஒரு பக்கம் 0.3 மி.மீ., எதிர்ப் பக்கம் கிட்டத்தட்ட 1 மி.மீ. ஏறியிருக்கிறது. மூலத்துக்குப் பொன் பூச்சு உண்டு, எல்இடி 108 என்று எடுத்துத்தான் டோஸ் போட்டிருக்கிறார்களாம், அது தப்பித்தது.

காமாவும் உண்டு, கோபால்ட்-60. காமா பட்ட டிஷ்கள் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டி இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் ஓசூரில் ட்ரிப்சின் பார்த்தன. ஆல்பா டிஷ்களும் அதே வண்டிதான். இரண்டுக்கும் ஒரே தாமதம் என்பதால் பரவாயில்லையா?

ஓசூர்_காலனி:

அதுதான் இல்லை. அடிபட்ட செல்லை உடனே பிரிச்சு விதைக்காம அப்படியே விட்டா, காமா அடியில ஒரு பகுதியை அது பழுதுபார்த்துக்கும். ஆல்பா அடியில டிஎன்ஏவோட ரெண்டு இழையும் பக்கம் பக்கமா, கொத்தாச் சிதையுது, காத்திருந்தாலும் பெருசா தேறாது. ஆக ஒரே தாமதம் காமாவை மட்டும் மேலே தூக்கும். ஆர்பிஇ (அதே பலனுக்கு ஆல்பாவைவிட எத்தனை மடங்கு காமா டோஸ் வேணும்ங்கிற எண்) தானா ஊதிடும். ரெண்டையும் உடனே விதைக்கணும், இல்லை ரெண்டுக்கும் 24 மணி நேரத் தாமதம்னு முறையா வெச்சு அப்படியே எழுதணும். ரெண்டரை மணி நேரம்ங்கிறது நெரிசல் வெச்ச கணக்கு, அடுத்த தடவை ஒன்றரை ஆகும். கதிர் கொடுக்கிற இடத்துலேயே ட்ரிப்சின் பண்ணி விதைச்சிட்டு, விதைச்ச பிளாஸ்க்கை மீடியம் கழுத்துவரை நிரப்பி மூடி எடுத்துட்டு வாங்க. காத்துக் குமிழி இல்லாட்டி குலுங்காது.

தென்பெண்ணை:

ஆர்பிஇ பேச்சு வந்ததால்: ஒரே எண் என்று எழுதிவிடாதீர்கள். காமாவுக்கு ஆல்பா குணகம் 0.2, பீட்டா 0.04 என்று ஓர் உதாரணம் எடுத்தால், 37 சதவீதப் பிழைப்பில் ஆர்பிஇ 4.3, 10 சதவீதத்தில் 3.3, டோஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது 7. ஒரே தரவு, மூன்று எண். எந்தப் பிழைப்பு மட்டத்தில் என்று சொல்லாத ஆர்பிஇ பாதி வாக்கியம்தான்.

இனி முக்கியமான பகுதி. ஆல்பாவைப் பொறுத்தவரை கிரே என்பது ஒரு சராசரி, செல்லுக்குத் தெரிவது எத்தனை துகள் குத்தியது என்பது மட்டுமே. சித்திரையில் கிருஷ்ணகிரி மாந்தோப்பில் ஆலங்கட்டி விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்குச் சராசரி இரண்டு கல் என்றாலும் நூறு மரத்தில் பதினான்குக்கு ஒன்றுகூட விழாது. உட்கருவும் அப்படித்தான்.

உட்கருவை ஒளிரவைக்கும் டாப்பி சாயம் போட்டு, இமேஜ்-ஜே என்ற பட அளவீட்டு மென்பொருளில் குறைந்தது நூறு உட்கருவின் பரப்பை அளந்துகொள்ளுங்கள். 140 சதுர மைக்ரான் என்று வந்தால், ஒரு குத்துக்குச் சராசரி டோஸ் 0.16 × 110 ÷ 140, அதாவது 0.126 கிரே. ஒரு கிரேக்கு சுமார் 8 குத்து. 0.25 கிரேயில் சராசரி 2 குத்துதான், 14 சதவீத உட்கருவில் ஒன்றுமே இல்லை.

ஒரு குத்து செல்லைக் கொல்லும் வாய்ப்பு = ஆல்பா குணகம் × ஒரு குத்தின் டோஸ் = 1.4 × 0.126 = 0.18. ஐந்தாறு குத்துக்கு ஒரு சாவு. குத்துகளின் எண்ணிக்கை பாய்சான், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கொல்கிறது என்றால் பிழைப்பு தானாகவே நேர்கோடாக வரும். பீட்டா பூஜ்யம் என்பதன் பொருள் இதுதான், யாரோ பூட்டிவைத்த விதி இல்லை.

இதிலிருந்து ஒரு சோதனையும் கிடைக்கிறது. ஒவ்வொரு குத்தும் கட்டாயம் கொன்றாலும் ஆல்பா குணகம் 1 ÷ 0.126, அதாவது 8ஐத் தாண்டாது. யாராவது 10 என்று காட்டினால் முதலில் அவருடைய டோஸைச் சந்தேகியுங்கள்.

எல்இடி கூடினால் கொல்லும் திறனும் கூடிக்கொண்டே போகும் என்றும் நினைக்காதீர்கள். மைக்ரானுக்கு 100 கேஇவி வாக்கில் உச்சம். அங்கே அடுத்தடுத்த அயனியாக்கங்களின் இடைவெளி டிஎன்ஏ இழையின் 2 நானோமீட்டர் குறுக்களவை ஒத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் செத்த பாம்பை அடிப்பதுதான், ஒரு கிரேக்குக் கிடைக்கும் பலன் குறையும். 1960களில் பாரன்ட்சன் மனித சிறுநீரக செல்களில் காட்டியது இது.

சிகிச்சைக்கு வருவோம். உங்கள் டிஷ்ஷில் ஆல்பா வெளியிலிருந்து, ஒரே திசையில், ஒரே ஆற்றலில் வருகிறது. மருந்தில் அது செல்லின் தோலில், உள்ளே, பக்கத்துச் செல்லில் என்று எங்கும் பிறக்கும். ஆகவே 1.4ஐ எடுத்துக்கொண்டு போய் திசுவின் சராசரி கிரேயால் பெருக்கினால் தவறும். 0.18ஐ எடுத்துப்போவது மேல், ஏனென்றால் அது குத்துக்கானது.

உதாரணம்: செல் ஆரம் 7, உட்கரு ஆரம் 5 மைக்ரான், இரண்டும் ஒரே மையம். செல் மேற்பரப்பில் ஒட்டிய அஸ்டட்டைன்-211 ஒன்று சிதைந்தால் அந்த ஆல்பா உட்கருவில் பாயும் வாய்ப்பு திண்மக் கோணத்தின்படி 15 சதவீதம். 0.15 × 0.18 = 0.027. செல்லுக்கு 100 சிதைவு என்றால் 2.7 மரண அடி, பிழைப்பு 7 சதவீதம். இது தோராயம்தான். அஸ்டட்டைனின் 5.87, 7.45 எம்இவி ஆல்பாக்கள் செல்லுக்கு அருகில் உங்கள் 110ஐவிடக் குறைந்த எல்இடியில் ஓடும், உருண்டை உட்கருவில் பாதை நீளமும் வேறு. இரண்டுக்கும் திருத்தம் போடுங்கள். செல் மட்டத்தில் சுத்தமாகச் செய்ய எம்ஐஆர்டி-செல் மென்பொருள் இருக்கிறது.

மருந்தை மீடியத்தில் கலக்கும் பரிசோதனை என்றால் இன்னொரு பொறி. மி.லி.க்கு 10 கிலோ பெக்கரல் (பெக்கரல் என்பது வினாடிக்கு ஒரு சிதைவு) அஸ்டட்டைன்-211 முழுதும் சிதைந்தால் (அரை ஆயுள் 7.2 மணி) திரவத்துக்குள் டோஸ் 0.41 கிரே. செல்லோ டிஷ்ஷின் தரையில் ஒட்டியிருக்கிறது, மேல் பாதியிலிருந்து மட்டும்தான் ஆல்பா வரும், ஆக 0.2 கிரே. இந்தப் பாதியை மறந்தால் மருந்து வெளியிலிருந்து கொல்லும் திறன் பாதியாகத் தெரியும்.

ரேடியம்-223க்கு இந்தச் செல் கணக்கை நேரடியாகப் பொருத்தாதீர்கள். அது எதிர்ப்பொருளைப் போல செல்லைத் தேடி ஒட்டுவதில்லை, கால்சியத்தைப் போல எலும்பின் பரப்பில் படிகிறது. உடல் எடைக்கு கிலோவுக்கு 55 கிலோ பெக்கரல், நான்கு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. எலும்பிலிருந்து 80, 90 மைக்ரானுக்கு அப்பால் இருக்கும் புற்றுசெல்லுக்கு ஆல்பா எட்டாது. நான் மேலே பொருத்திய அந்த 'படாத பங்கு' இங்கே பசைக் கோளாறு இல்லை, நோயின் வடிவமே அது.

கேஆர்பி_அணை:

சரி, பூட்டினது தப்பு, ஒத்துக்கிறேன். ஒரு சந்தேகம்: பெங்களூருக்கு அலையாம, புகை அலாரத்துக்குள்ள இருக்கிற அமெரிசியத்தை எடுத்து இங்கேயே பண்ணினா?

தென்பெண்ணை:

வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது சுமார் 37 கிலோ பெக்கரல், சிறு புள்ளி மாதிரி. 30 மி.மீ. டிஷ்ஷில் நடுவுக்கும் ஓரத்துக்கும் டோஸ் பல மடங்கு மாறும், அளவீடு குப்பை. அதைப் பிரிக்கும்போது தாள் கீறினால் துகள் கையில், மேசையில், மூச்சில். அரை ஆயுள் 432 ஆண்டு. சாதாரணக் கைகர் கருவியின் தடித்த சுவரை ஆல்பா தாண்டாது என்பதால் கொட்டியது தெரியவும் தெரியாது. கதிர் மூலம் வைத்திருக்க ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி வேண்டும். அனுமதி உள்ள இடத்துக்கு டிஷ்ஷை எடுத்துப்போவதுதான் முறை.

தகடூர்_தருமி:

புரிந்தது. அடுத்த சுற்றில் துளி விதைப்பு, 3 கிரேக்கு 2,100 செல், பெங்களூரிலேயே ட்ரிப்சின், முதல் டிஷ்ஷில் செல்லுக்குப் பதில் சிஆர்-39. பழைய தரவைத் தூக்கிப் போடவா, இல்லை 'படாத பங்கு' வைத்துப் பொருத்தி எழுதலாமா?

தென்பெண்ணை:

எழுதலாம், ஆனால் 5 சதவீதத்தைப் பொருத்தலில் சுதந்திரமாக விடாதீர்கள். ஆறு புள்ளிக்கு அது தாங்காது, 11 காலனிப் புள்ளி அதை இஷ்டத்துக்கு ஆட்டும். பசைப் பட்டையை ஒவ்வொரு டிஷ்ஷிலும் எட்டு இடத்தில் அளந்து, பரப்பிலிருந்து பங்கைக் கணக்கிட்டு, அந்த எண்ணை நிலையாக வைத்து ஆல்பா குணகத்தை மட்டும் பொருத்துங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் காலனி எண்ணிக்கையின்படி எடை கொடுங்கள். ஒரு பக்கம் 0.3, மறுபக்கம் 1 மி.மீ. என்றால் பங்கு 8 சதவீதம்கூட வரலாம். அப்போது 3 கிரே புள்ளி 0.065இல் எப்படி நிற்கிறது என்று ஓரத்தில் செல் அடர்த்தியைக் கேட்க வேண்டிவரும்.

ஓசூர்_காலனி:

வட்டமா சுத்தியிருப்பாங்க. செல் நடுவுக்குப் போயிருக்கும், ஓரத்துல கம்மி. விதைச்சவங்களைக் கேளுங்க.